பச்சைத் தண்ணீர்க் குளியல்: பழக்கமா, வீரமா?

‘கூழானாலும் குளித்துக் குடி’ என்பது நம் முன்னோர் வாக்கு. எந்தத் தண்ணீரில் குளிப்பது என்று அவர்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தரும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். அதனால் நான் பெற்ற நன்மையையும் செய்த தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். ஆற்றில் முங்கிக் குளித்து வளர்ந்தவள். ஆயினும், எட்டாம் வகுப்பில் நீலகிரி மலையிலுள்ள விடுதிக்கு வந்தபோது என் வீரமெல்லாம் பறந்துவிட்டது. சனவரி மாத விடியலில் புல்லின்மேல் உறைபனி படிந்து கிடக்கும். குழாய்த் தண்ணீர் ஊசியாய்க் குத்தும். வெந்நீர் அண்டாவின்முன் வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒரு வாளி கிடைக்கும். ஒருநாள் தாமதமாக எழுந்தேன். அண்டா காலி! சிற்றாலயத்தில் மணியும் அடித்துவிட்டது. வேறு வழியின்றிப் பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டேன். ஆம், என்னுடைய நல்ல பழக்கம் சோம்பலில் பிறந்ததுதான்.

முதல் செம்பு மேலே பட்டதும் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. நெஞ்சு படபடத்தது. உடல் அவ்வாறு திடுக்கிடுவது இயற்கை என்று அறிவியல் ஆசிரியை பிறகு விளக்கினார். தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் சுருங்கி உள்ளிருக்கும் சூட்டைக் காக்கின்றனவாம். இதயம் விரைந்து துடிக்கிறதாம். முதலில் பாதம், பிறகு முழங்கால், கைகள், கடைசியில் தலை என்று ஊற்றக் கற்றுக்கொண்டேன். நாளடைவில் திடுக்கிடல் குறைந்தது. காலைப் படிப்பு நேரத்தில் புத்தகத்தின்மேல் தூங்கி விழுந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரியம் கடினமானாலும் தொடங்கிவிட்டால் முடியும் என்ற தைரியமும் பிறந்தது.

அந்நாளில் ஒரு சிஸ்டர், செபஸ்தியான் க்னைப் என்னும் ஜெர்மானியக் குருவின் வரலாற்றைச் சொன்னார். 1821-ல் பவேரியாவில் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்த அவர், குருத்துவம் படிக்கும் காலத்தில் காசநோயால் வாடினார். 1849-ல், குளிர்காலத்தில், டான்யூப் ஆற்றில் சில நொடிகள் மூழ்கி எழுந்து பழகினார், உடல் தேறினார். 1886-ல் அவர் வெளியிட்ட நீர்ச்சிகிச்சை நூல் பல நாடுகளில் புகழ் பெற்றது.

இது போதாதா எனக்கு? வெந்நீர் வரிசையில் நின்றவர்களை ‘வெந்நீர் ராணிகள்’ என்று கேலி செய்தேன். என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தங்கை ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவளுக்கு இளைப்பு நோய் உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், “பயந்தாங்கொள்ளி!” என்றேன். மறுநாள் அவள் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். சற்று நேரத்திலேயே மூச்சு விட முடியாமல் திணறினாள். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். மாலையில் திரும்பி வந்தவள், “அக்கா, நான் மூன்று செம்பு ஊற்றினேன்” என்று பெருமையோடு சொன்னாள். நான் அழுதுவிட்டேன்.

பிறகுதான் அந்தக் குருவின் வரலாற்றில் என் காதில் ஏறாத பகுதியைச் சிஸ்டரிடம் மீண்டும் கேட்டேன். உடல் சூடாக இருக்கும்போதுதான் குளிர்ந்த நீரைப் பயன்படுத்த வேண்டும், அதுவும் சிறிது நேரமே என்பது அவருடைய விதி. தொடக்கத்தில் கடுமையாக இருந்த தம் முறையை, அனுபவத்தால் அவரே மென்மையாக்கினார். காசநோயைக் குணமாக்குவது தண்ணீர் அன்று, மருந்தே என்பதையும் இன்று நாம் அறிவோம்.

நெதர்லாந்து நாட்டில் 3,018 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. வெந்நீர்க் குளியலின் முடிவில் 30 முதல் 90 நொடிகள் குளிர்ந்த நீரில் நின்றவர்கள், நோயைக் காரணம் காட்டி வேலைக்கு விடுப்பு எடுப்பது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நோயுற்ற நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை! 30 நொடிக்கும் 90 நொடிக்கும் பயனில் வேறுபாடும் இல்லை. ஆகவே பச்சைத் தண்ணீர் நோயை விரட்டும் என்று சொல்வதற்கில்லை. எழுந்து நடக்கும் தெம்பைத் தரலாம். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பெற்றோர்களே, பச்சைத் தண்ணீரில் குளித்தால் சளி பிடிக்கும் என்று அஞ்சாதீர்கள். சளியைத் தருவது கிருமி; தண்ணீர் அன்று. ஆனால் இளைப்போ, இதய நோயோ, காய்ச்சலோ உள்ள பிள்ளையை மருத்துவரைக் கேளாமல் இதில் இறக்காதீர்கள். தோழியரே, உடல் நலமாயிருந்தால் பாதத்திலிருந்து மெதுவாகத் தொடங்குங்கள்; நடுக்கம் வந்தால் நிறுத்துங்கள்.

குளிர்ந்த நீரில் குளிப்பது நல்ல பழக்கம். அது வீரத்தின் அளவுகோல் அன்று. என் உடலுக்கு இசைந்ததைப் பிறர் உடலுக்குச் சட்டமாக்க எனக்கு உரிமையில்லை. நான் இன்றும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். ஆனால் அதற்குமுன் அண்டாவிலிருந்து ஒரு வாளி வெந்நீர் எடுத்து, அந்தத் தங்கைக்குக் குளியலறை வரை சுமந்து சென்று வைக்கிறேன். காலையில் அதுவே எனக்கு முதல் வேலை.

- பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி