பட்டறை பொது, சந்தை யாருடையது?

தச்சனுக்கு உளி, கொல்லனுக்குச் சம்மட்டி, கணினிக்கு நிரல் எழுதும் தொழிலாளிக்கு எடிட்டர். அவன் எழுதுவதும் பிழை பார்ப்பதும் திருத்துவதும் அதிலேதான். வேண்டிய வசதிக்கேற்ப அதிலே பூட்டிக்கொள்ளும் சிறு கருவிக்கு எக்ஸ்டென்ஷன், அதாவது நீட்சி, என்று பெயர். கலப்பைக்குக் கொழு பூட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே!

நீட்சி செய்யக் கற்க வழி உண்டா? உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015இல் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் எடிட்டரை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே அதன் மூல நிரலையும் திறந்துவிட்டது. வழிகாட்டிப் பாடங்கள், மாதிரி நீட்சிகள், தொடக்கச் சட்டத்தை அமைத்துத் தரும் கருவி ஆகிய யாவும் காசின்றிக் கிடைக்கின்றன. நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால், செய்த பொருளை வைப்பது எங்கே? அங்கேதான் சூட்சுமம்! அந்நிறுவனத்தின் சந்தையில் எடுக்கும் நீட்சியை, அதன் விஷுவல் ஸ்டுடியோ குடும்பத்துக் கருவிகளில் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. அதே மூல நிரலைக் கொண்டு பிறர் கட்டிய எடிட்டருக்கு அங்கே இடமில்லை. நெய்தவன் ஊருக்கெல்லாம் நெய்தான். அந்தக் கடையில் வாங்கிய துணியை ஒரு வீட்டார்தான் உடுத்தலாம் என்றால், இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

“சந்தை அவர்கள் செலவில் நடக்கிறது; நிபந்தனை போட உரிமை இல்லையா?” என்பர் சிலர். உரிமை இருக்கட்டும். உரிமையாளன் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. கிட்ஹப் நிறுவனம் 2014இல் ‘ஏட்டம்’ என்ற எடிட்டரைத் தந்தது. 2018இல் கிட்ஹப்பையே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பர் 15இல் ஏட்டத்துக்கு மூடுவிழா! அதற்காகப் பலர் உழைத்துச் செய்த நீட்சிகளின் கிடங்கும் நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. மூல நிரல் திறந்திருந்ததால், தொண்டர்கள் ‘பல்சர்’ என்ற பெயரில் அதற்கு மறுவாழ்வு தந்தார்கள். கிடங்கையோ புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. பட்டறை மட்டும் பொதுவாக இருந்தால் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பொதுச் சந்தை இல்லாமல் இல்லை. எக்லிப்ஸ் அறக்கட்டளையின் பொறுப்பில் ஓப்பன் வி.எஸ்.எக்ஸ் நடக்கிறது. வி.எஸ்.கோடியம் போன்ற எடிட்டர்கள் நீட்சி எடுப்பது அங்கேதான். அதுவும் சும்மா நடப்பதில்லை. 2023இல், நடத்த நிதி வேண்டும் என்று அறக்கட்டளை வேண்டுகோள் விட நேர்ந்தது. அதன்பின் சில நிறுவனங்கள் சேர்ந்து பணிக்குழு அமைத்தன. பொதுக் கிணறு என்றால் தூர் வார ஆள் வேண்டாமா?

ஆகவே கூறுகிறோம். நீட்சி செய்வோரே, உங்கள் படைப்பைப் பொதுச் சந்தையிலும் வையுங்கள். அதனால் ஆதாயம் அடையும் நிறுவனங்களே, சந்தைக்கும் செய்தவனுக்கும் உரிய பங்கைக் கொடுங்கள். நன்கொடைக்கு ஓர் இணைப்பை நீட்சியின் பக்கத்தில் வைக்க வழி உண்டு. அந்தக் கதவைத் தட்டுங்கள். தொழில் தெரிந்த நம் இளைஞர்களே, பாடங்களைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் கற்கட்டும்.

கருவி திறந்தால் மட்டும் போதாது. கடையும் திறக்க வேண்டும். உழைத்தவன் பொருள் உலகுக்கெல்லாம் போகட்டும்!