அலையைத் தடுக்குமுன் பலகையைப் பாருங்கள்

ஆன்டெனா பாடம் நடத்துகிறவள் நான். ஃபேஸ்டு அரே (உறுப்புகளின் கட்ட வேறுபாட்டால் கற்றையைச் சாய்க்கும் ஆன்டெனா வரிசை) திட்டத்தோடு வரும் மாணவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: ஆன்டெனாவை அச்சிடும் பலகையின் தடிமன் என்ன, மின்கடத்தா மாறிலி என்ன? பலர் அலைவரிசை அகலத்துக்காகத் தடித்த பலகையை எடுத்திருப்பார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பலகைமேல் அச்சிட்ட உலோகத் தகடான பேட்சுக்குக் கொடுக்கும் ஆற்றல் முழுவதும் வெளியே பரவுவதில்லை. ஒரு பகுதி பலகையை ஒட்டியே ஓடுகிறது. இந்த மேற்பரப்பு அலையின் டிஎம்-0 வகைக்கு வெட்டு அதிர்வெண்ணே கிடையாது. தடிமனும் மாறிலியும் கூடக் கூட அது வலுக்கும். தனி ஆன்டெனாவில் இது ஓர் இழப்பு, அவ்வளவுதான். அரேயில் கதை வேறு. கற்றையைச் சாய்க்கும்போது ஏதோவொரு கோணத்தில் உறுப்புகளின் கட்ட வேறுபாடு அந்த அலையோடு பொருந்திவிட்டால், அந்தத் திசையில் அரே குருடாகிவிடும். அச்சிட்ட இருமுனை ஆன்டெனா அரேக்களில் இதை 1984-ல் போசாரும் ஷாபர்ட்டும் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒற்றை பேட்சின் எதிரொலிப்பு வரைபடத்தை எவ்வளவு அழகாக்கினாலும் இது கண்ணில் படாது.

1999-ல் சீவன்பைப்பர் குழு வெளியிட்ட, மேற்பரப்பு அலையைத் தடுக்கும் காளான் வடிவத் தளத்தை மாணவர்கள் உடனே நாடுகிறார்கள். அருமையான கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் 28 கிகாஹெர்ட்சில் உறுப்புகளுக்கு இடையே விடும் பாதி அலைநீளம் சுமார் 5.4 மில்லிமீட்டர்தான்; பேட்ச் போக மிஞ்சும் இடத்தில் எத்தனை காளான் நடுவது? மாறிலி 2.2 அளவிலான மெல்லிய பலகையை முதலில் எடுங்கள். அலைவரிசை அகலம் போதாமல் தடித்த பலகைக்குப் போனால், ஒவ்வொரு பேட்சையும் சுற்றி உலோகத் துளைகளால் வேலி கட்டுங்கள். திட்ட மதிப்பீட்டில் கற்றையை 60 டிகிரி வரை சாய்த்துக் காட்டச் சொல்வதைக் கல்லூரிகள் கட்டாயமாக்க வேண்டும்.