எண்ணிய பின் கூட்டுக

கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் பல்லாயிரம் வரிசைகள் கொண்ட பட்டியலைக் கணிப்பொறியின் விரிதாளில் இட்டு, ஒரே சூத்திரத்தால் நொடிப்பொழுதில் தொகை காண்பதைப் பெற்றோர் வியப்புடன் நோக்குகின்றனர். வியப்பு நியாயமே. ஆயினும் அச்சூத்திரம் தன்முன் உள்ளதை மட்டுமே கணக்கிடும். விடுபட்டதைப் பற்றி வாய் திறவாது.

2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். கொரோனா பரவிய காலம். பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய முடிவுகளைப் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்னும் அரசு நிறுவனம் எக்செல் கோப்புகளில் ஏற்றியது. கையாண்டதோ பழைய கோப்பு வகை. அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளே இடமுண்டு. 2007ஆம் ஆண்டின் எக்செலோடு வந்த புதிய வகையில் 10,48,576 உண்டு. ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் தேவைப்பட்டமையால் தாள் விரைவில் நிறைந்தது. மிஞ்சியவை சேரவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டனர். அவர்களுக்குத் தத்தம் முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்க வேண்டியவர்களுக்கு அப்பெயர்கள் உரிய நாளில் சென்று சேரவில்லை. தமக்கும் தொற்றியிருக்கலாம் என்று அறியாமலே எத்தனை பேர் வேலைக்குச் சென்றனரோ, முதிய பெற்றோரைக் காணச் சென்றனரோ!

இது கூட்டல் பிழையன்று. இருந்தவரையில் கூட்டல் சரியே. அச்சம் தருவதும் அதுவே.

ஆகவே பெரிய பட்டியலைக் கையாள்வோர் முதலில் எழுத வேண்டியது தொகை காணும் சூத்திரம் அன்று; எண்ணிக்கை காணும் சூத்திரம். 'கவுன்ட்ஏ' என்பது நிரம்பிய கட்டங்களை எண்ணிச் சொல்லும். அனுப்பியவரிடம் எத்தனை வரிசைகள் இருந்தன எனக் கேட்டு, அதனோடு ஒப்பிடுக. அடுத்து, பட்டியலை 'டேபிள்' அமைப்பாக மாற்றிக்கொண்டால், கீழே புதிய வரிசை சேருந்தோறும் சூத்திரத்தின் எல்லையும் தானே நீளும். ஐந்நூறாம் வரிசை வரை என்று கையால் எழுதிவைத்துப் பின்னர் மறந்துபோகும் இடர் இல்லை.

ஊர்வாரியாகக் கூட்டுவதற்கு 'சம்இஃப்ஸ்' போதும். ஊர்த்தொகைகளையெல்லாம் சேர்த்தால் முழுத்தொகை வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வராவிடில், பெரும்பாலும் ஊர்ப்பெயர் ஒன்றை யாரோ இருவிதமாக எழுதியிருப்பார். பெயரின் ஈற்றில் ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் கணிப்பொறிக்கு அது வேறோர் ஊர்தான்.