வாஷிங் மெஷினில் துவைத்த புத்தகம், மியூசியத்தில் துப்பாக்கிச் சூடு: சீனாவின் 'கருத்துக் கலை'யை ஆராய மியூசியம் பணம் தருவது ஏன்?

1987ஆம் ஆண்டு. சீனாவின் துறைமுக நகரமான ஷியாமென். ஹுவாங் யோங் பிங் என்ற கலைஞர் இரண்டு புத்தகங்களை எடுத்தார். ஒன்று, சீன ஓவியத்தின் வரலாறு. இன்னொன்று, மேற்கத்திய நவீன ஓவியத்தின் வரலாறு. இரண்டையும் சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டு, சரியாக 2 நிமிடம் ஓடவிட்டார். வெளியே வந்த காகிதக் கூழை ஒரு மரப்பெட்டியின் மேல் குவித்து வைத்தார். அவ்வளவுதான், அதுதான் கலைப்படைப்பு.

"அட, இதெல்லாம் கலையா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதைப் பற்றிப் படித்து எழுதவே ஆய்வாளர்களுக்கு ஃபெல்லோஷிப் கொடுக்கும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஹாங்காங்கின் எம் பிளஸ் அவற்றில் முக்கியமானது. சீனாவின் சமகாலக் கலை ஆராய்ச்சிக்காக சிக் பெயரில் அங்கே ஃபெல்லோஷிப் இருக்கிறது.

யார் இந்த சிக்?

உலி சிக், சுவிட்சர்லாந்துக்காரர். லிஃப்ட் தயாரிக்கும் ஷிண்ட்லர் நிறுவனத்துக்காக சீனாவுக்குப் போனவர். 1995 முதல் 1998 வரை சீனாவுக்கான சுவிஸ் தூதர். உள்ளூர் மியூசியங்கள் எட்டிக்கூடப் பார்க்காத காலத்தில் சீனக் கலைஞர்களின் படைப்புகளை வாங்கிக் குவித்தார். 2012இல் 1,463 படைப்புகளை எம் பிளஸுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். மேலும் 47 படைப்புகளை 17.7 கோடி ஹாங்காங் டாலருக்கு மியூசியம் அவரிடமிருந்து வாங்கியது.

பொருள் கையில் இருக்கிறதே, அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு? இங்கேதான் சிக்கல். 'கான்செப்சுவல் ஆர்ட்' எனப்படும் கருத்துக் கலையில் பொருளை விட யோசனைதான் முக்கியம். பல நேரங்களில் பொருள் மிஞ்சுவதே கிடையாது. ஹுவாங் இருந்த 'ஷியாமென் டாடா' குழு, 1986இல் கண்காட்சி முடிந்ததும் தங்கள் படைப்புகளைத் தாங்களே தீ வைத்துக் கொளுத்தியது. அந்த வாஷிங் மெஷின் கூழும் அப்படித்தான். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் உள்ள வாக்கர் ஆர்ட் சென்டரில் இன்று இருப்பது, 1993இல் மீண்டும் செய்த வடிவம்.

பெய்ஜிங்கில் 'புதிய அளவீட்டுக் குழு' என்று மூன்று பேர் இயங்கினார்கள். யார் செய்தது என்ற அடையாளமே தெரியக்கூடாது என்று விதிமுறைகள் போட்டு வேலை செய்தவர்கள். 1995இல் குழுவைக் கலைத்தபோது, கையில் இருந்த ஆவணங்களையும் அழித்துவிட்டார்கள். இந்த மாதிரிக் கலைக்கு ஒரு போட்டோ, ஒரு கடிதம், ஒரு பழைய விஎச்எஸ் கேசட்தான் சாட்சி. அதைத் தேடி எடுத்து, யார் எப்போது என்ன செய்தார் என்று உறுதிப்படுத்துவதுதான் ஆய்வாளரின் வேலை.

அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு துப்பாக்கிச் சூடே உதாரணம்.

1989 பிப்ரவரி 5. பெய்ஜிங் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் புதுமைக் கலைக் கண்காட்சி தொடங்கிய முதல் நாள். ஷியாவ் லூ என்ற இளம்பெண் அங்கே இரண்டு டெலிபோன் பூத்களை நிறுத்தி, 'உரையாடல்' என்று பெயரிட்டிருந்தார். திடீரென்று துப்பாக்கியை எடுத்துத் தன் படைப்பின் மீதே இரண்டு முறை சுட்டார்! போலீஸ் வந்தது, கண்காட்சி மூடப்பட்டது. நான்கே மாதத்தில் தியானன்மென் சதுக்கத்தில் ராணுவம் சுட்டது. அதனால் ஷியாவ் லூவின் குண்டுகளை அந்தப் போராட்டத்தோடு சேர்த்து அரசியல் சம்பவமாகவே பலரும் பேசினார்கள். அன்று கைதான டாங் சாங் என்ற ஆண் கலைஞரும் சேர்ந்து செய்த படைப்பு என்றே வருடக்கணக்கில் எழுதி வந்தார்கள்.

15 வருடம் கழித்து, 2004இல், ஷியாவ் லூ வாய் திறந்தார். அது தான் மட்டுமே செய்த படைப்பு, அதன் பின்னால் இருந்தது தன் சொந்த வாழ்க்கையின் வலி என்றார். அதுவரை அச்சான புத்தகங்கள், கட்டுரைகள் எல்லாம்? ஒரு பெண்ணின் படைப்பில் பாதியை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தன.

ஹாங்காங்கில் சுதந்திரமாக ஆராய முடியுமா?

கொஞ்சம் சங்கடமான கேள்விதான். சிக் தன் சேகரிப்பைக் கொடுத்த 2012இல் இருந்த ஹாங்காங் வேறு. 2020 ஜூன் 30இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சிக் கொடுத்தவற்றில் ஆய் வெய்வெய் 1997இல் தியானன்மென்னைப் பார்த்து நடுவிரலைக் காட்டி எடுத்த புகைப்படமும் ஒன்று. 2021இல் பெய்ஜிங் ஆதரவு அரசியல்வாதிகள் கொந்தளித்தார்கள். மியூசியத்தின் இணையதளத்திலிருந்து அந்தப் படம் நீக்கப்பட்டது. அதே வருடம் நவம்பர் 12இல் மியூசியம் திறந்தபோது ஆய் வெய்வெய்யின் வேறு படைப்புகள் இருந்தன, இது இல்லை. கலை வெளிப்பாடு சட்டத்துக்கு மேலானது அல்ல என்று, மியூசியத்தை நிர்வகிக்கும் மேற்கு கவ்லூன் கலாசார ஆணையத்தின் தலைவர் ஹென்றி டாங் திறப்பு விழாவை ஒட்டிச் சொன்னார்.

ஆக, ஆய்வாளருக்கு அறையும் பணமும் ஆவணங்களும் கிடைக்கும். எதை எழுதினால் பிரச்னை வரும் என்ற கணக்கும் கூடவே வரும். மியூசியத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. சீனாவின் உள்ளே இந்த அளவுக்கு இந்தக் கலையைச் சேர்த்து வைத்து, வெளி ஆய்வாளரையும் உள்ளே விடும் இடம் சுலபத்தில் கிடைக்காது.

காலமும் காத்திருக்கவில்லை. ஹாங்ஜோவில் இந்தக் கலையை முன்னெடுத்த கெங் ஜியான்யி 2017இல் இறந்தார். வாஷிங் மெஷினில் புத்தகத்தைப் போட்ட ஹுவாங் யோங் பிங், 2019 அக்டோபரில் பாரிஸில் காலமானார். அந்த 2 நிமிடம் பற்றி இனி அவரிடம் நேரில் கேட்க வழியில்லை.