வீட்டுக்குத் தெரியாத கோப்புகள்

பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியா நகரை ஒட்டியுள்ளது லோயர் மெரியன் கல்வி மாவட்டம். 2009 நவம்பரில் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவரைத் துணைத் தலைமையாசிரியர் அழைத்துப் பேசினார். வீட்டில் தகாத காரியம் ஏதோ செய்வதாக அவர் கண்டித்தார் என்றும், அதற்குச் சான்றாக ஒரு படத்தைக் குறிப்பிட்டார் என்றும் பின்னர் தொடுக்கப்பட்ட வழக்கில் சொல்லப்பட்டது. மாணவர் கையில் இருந்தவை போதை மாத்திரைகள் என்பது பள்ளியின் சந்தேகம். அவை மிட்டாய்கள் என்றார் மாணவர். மிட்டாயா மாத்திரையா என்பதைவிடப் பெரிய கேள்வி அந்தக் குடும்பத்தின் முன் நின்றது: பிள்ளை வீட்டில் இருக்கும் படம் பள்ளிக்கு எப்படிப் போனது?

பள்ளி கொடுத்த மடிக்கணினியே எடுத்த படம் அது. இரண்டு உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர்கள் எல்லோருக்கும், ஏறத்தாழ 2,300 பேருக்கு, மாவட்டம் மடிக்கணினி கொடுத்திருந்தது. தொலைந்தால் கண்டுபிடிக்க ஒரு மென்பொருளும் உள்ளே இருந்தது. அதை முடுக்கிவிட்டால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை கேமரா எதிரே இருப்பதைப் படமெடுக்கும். திரையில் உள்ளதையும் எடுக்கும். இரண்டும் மாவட்டத்தின் சர்வருக்குப் போய்விடும். இந்த மாணவர் 55 டாலர் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தாமல் கணினியை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். மென்பொருள் முடுக்கப்பட அது போதுமானதாக இருந்தது. காணாமல்போய்த் திரும்பக் கிடைத்த கணினிகளிலும்கூட அதை அணைக்க மறந்தார்கள். இப்படிச் சேர்ந்த படங்கள் 50,000-க்கும் மேல். கேமராவின் பக்கத்தில் சின்னப் பச்சை விளக்கு ஒன்று திடீரென மின்னி அணைவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். விசாரித்தவர்களுக்கு, அது வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்ற பதிலே கிடைத்தது.

2010 அக்டோபரில் மாவட்டம் 6,10,000 டாலருக்கு வழக்கைச் சமரசம் செய்துகொண்டது. குற்ற நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை என்று கூட்டாட்சி அரசின் வழக்கறிஞர்கள் குற்றவழக்கு தொடுக்கவில்லை. அதை ஏற்கலாம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்கமாட்டார்கள். ஆனால் மாவட்டமே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் விசாரணை வேறொன்றைச் சொன்னது: அந்த மென்பொருளை எப்போது, யார், எதற்காக இயக்கலாம் என்று எழுதிவைத்த விதி இல்லை, அப்படி ஒன்று கணினியில் இருக்கிறது என்று மாணவருக்கும் பெற்றோருக்கும் முறையாகத் தெரிவிக்கவும் இல்லை.

மாணவர் தனியுரிமை, மாணவர் பாதுகாப்பு, பெற்றோர் உரிமை என்ற மூன்றையும் ஒன்றையொன்று இழுக்கும் கயிறுகளாகவே கல்வி நிர்வாகிகளின் கூட்டங்கள் பேசுகின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்ற கணக்கில் கொள்கை வரைவுகள் எழுதப்படுகின்றன. 2009 முதல் வட அமெரிக்கப் பள்ளிகளை உலுக்கிய நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு எடுபடுவதில்லை. பெரும்பாலானவற்றில் இடறிய இடம் ஒன்றே: பள்ளிக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தெரியவில்லை, அல்லது வீட்டுக்குத் தெரிந்தது பள்ளிக்கு வரவில்லை.

அமெரிக்கச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்தே பிறந்தது. செனட்டர் ஜேம்ஸ் பக்லியின் முயற்சியால் 1974-இல் வந்த குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் தனியுரிமைச் சட்டம், பிள்ளையின் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையைப் பெற்றோருக்குத் தந்தது. கேட்ட 45 நாளுக்குள் காட்டவேண்டும். தவறு இருந்தால் திருத்தக் கோரலாம். 18 வயதானால் அந்த உரிமை பிள்ளைக்கே போய்விடும். பள்ளி ஆலோசகர் தன் நினைவுக்காக மட்டும் எழுதி, யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் குறிப்பு பதிவேட்டில் சேராது. ஆனால் அதைப் பொதுக் கோப்பில் ஏற்றிய நொடியில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இது எத்தனை ஆலோசகர்களுக்கு நினைவிருக்கிறது என்பது கவலைக்குரிய கேள்வி.

சட்டத்தின் பல் கூர்மையானது அல்ல. மீறும் பள்ளிக்குக் கூட்டாட்சி நிதியை நிறுத்தலாம் என்கிறது. சட்டத்துக்கு 50 வயது நிறைந்தபோதும் அந்தத் தண்டனை ஒரு முறைகூட விதிக்கப்பட்டிருக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் இந்தச் சட்டத்தைக் காட்டித் தானே வழக்குத் தொடுக்க முடியாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘பள்ளி அலுவலர்’ என்ற சொல்லுக்குள் ஒப்பந்த நிறுவனங்களும் அடங்கும் என்று விதிகள் விரிந்ததால், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமலேயே மாணவர் தரவு வெளி நிறுவனங்களிடம் போகிறது. எனவே உண்மையான காவல் மாவட்டம் எழுதும் கொள்கையிலும், அதைக் கையாளும் ஆலோசகர், எழுத்தர், தலைமையாசிரியர் ஆகியோரிடமும்தான் இருக்கிறது.

மினியாபொலிஸ் மாவட்டத்தில் 2023 தொடக்கத்தில் நடந்தது அந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. பிணைத்தொகை கேட்கும் கும்பலொன்று கணினி அமைப்புக்குள் புகுந்து 10 லட்சம் டாலர் கேட்டது. மாவட்டம் கொடுக்கவில்லை. 3,00,000-க்கும் மேற்பட்ட கோப்புகள் இணையத்தில் கொட்டப்பட்டன. மதிப்பெண் பட்டியல்களா அவை? பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைகளின் வாக்குமூலங்கள், மனநல மருத்துவமனைச் சேர்க்கைகள், தற்கொலை முயற்சிகள், வீட்டில் அடி வாங்கிய பிள்ளைகளின் விவரங்கள். ஒரு குழந்தை நம்பி ஒருவரிடம் சொன்ன சொற்கள் அப்படியே வெளியே வந்தன. தாக்குதலை ‘என்க்ரிப்ஷன் நிகழ்வு’ என்று மாவட்டம் அறிவித்தது. அந்தச் சொல்லைப் படித்த எந்தத் தாய்க்கும் தன் மகளின் வாக்குமூலம் பொதுவெளியில் கிடக்கிறது என்று புரிந்திருக்காது. பாலியல் வன்முறைக் கோப்புகள் வெளியான மாணவர்களில் ஆறு பேரின் குடும்பங்களை அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் தொடர்புகொண்டபோதுதான் அவர்களுக்கே விஷயம் தெரியவந்தது.

அடுத்தது தமிழ்க் குடும்பங்களுக்கும் நேரடியாகத் தொடர்புள்ளது. 2024 டிசம்பரில், வட அமெரிக்கப் பள்ளிகள் பல பயன்படுத்தும் பவர்ஸ்கூல் நிறுவனத்தின் மாணவர் தகவல் அமைப்புக்குள், திருடிய கடவுச்சொல்லை வைத்து ஒரு 19 வயது இளைஞர் நுழைந்தார். நிறுவனம் பிணைத்தொகை கொடுத்தது. தரவை அழித்துவிட்டதாகக் காட்டும் காணொளியையும் பெற்றது. ஆனாலும் 2025 மே மாதத்தில் அதே தரவைக் காட்டிப் பள்ளி வாரியங்களுக்கு மீண்டும் மிரட்டல் வந்தது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை தன் பழைய மாணவர்களுக்கு அறிவித்ததுதான் திடுக்கிட வைத்தது: 1985 முதல் 2024 வரை படித்தவர்களின் விவரங்கள் அந்த அமைப்பில் இருந்தன.

1985 என்பது 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கனடா வந்து இறங்கிய குடும்பங்கள் பிள்ளைகளை முதன்முதலாகப் பள்ளியில் சேர்த்த காலம். ஸ்கார்பரோ உள்ளிட்ட பழைய கல்விச் சபைகள் 1998-இல் ஒன்றானபோது அவற்றின் பதிவுகளும் புதிய சபையின் பொறுப்பில் வந்தன. அன்று சேர்க்கைப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி, உடல்நல அட்டை எண் என்று எழுதிக்கொடுத்த பெற்றோர் இப்போது தாத்தா, பாட்டி. பேரப்பிள்ளையின் பதிவும் மகனின் பதிவும் ஒரே அமைப்பில். பல ஆண்டுகளுக்கு முன் பள்ளியைவிட்டுப் போனவரின் உடல்நல அட்டை எண் பள்ளிக்கு எதற்கு? எத்தனை ஆண்டு வைத்திருப்போம் என்று அந்தப் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. அகதியாக வந்த அவசரத்தில் அவர்களும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அறிவிப்புக் கடிதங்கள் வக்கீல் ஆங்கிலத்தில் வருகின்றன. பல வீடுகளில் அந்தக் கடிதத்தை வாசித்து மொழிபெயர்த்துச் சொல்வது அதே பிள்ளைதான். பெற்றோர் உரிமை பற்றிய கடிதம் பெற்றோருக்குப் புரியும் மொழியில் இல்லாவிட்டால் அந்த உரிமை கிடைத்ததாகாது.

பாதுகாப்பு என்று வரும்போது நிலைமை இன்னும் கடுமையானது. மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளி. 2021 நவம்பர் 30, காலை நேரம். கணக்குத் தாளில் ஒரு மாணவர் துப்பாக்கியையும், குருதி சிந்தும் ஓர் உருவத்தையும் வரைந்து, உதவி கேட்கும் சொற்களையும் எழுதியிருந்ததை ஆசிரியர் கண்டார். ஆலோசகர் மாணவரை அழைத்தார், பெற்றோரை வரவழைத்தார். அது விளையாட்டு மென்பொருளுக்காக வரைந்தது என்றார் மாணவர். 48 மணி நேரத்துக்குள் மனநல ஆலோசனை தொடங்கவேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது. அவர்கள் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை, வேலைக்குத் திரும்பினார்கள். வகுப்பறையிலிருந்து மாணவரின் முதுகுப்பையைப் பள்ளி ஊழியரே கொண்டுவந்தார். யாரும் திறக்கவில்லை. பை மாணவரின் கைக்குப் போனது. மாணவர் வகுப்புக்குப் போனார். துப்பாக்கி அந்தப் பையில் இருந்தது. மதியம் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள்.

அந்த அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தெரியும். நான்கு நாளைக்கு முன் மகனுக்காகத் துப்பாக்கி வாங்கியது பெற்றோருக்குத் தெரியும், சொல்லவில்லை. வீட்டில் துப்பாக்கி உண்டா என்று பள்ளியும் கேட்கவில்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் பள்ளி மாணவரின் பையைச் சோதிக்கலாம் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. அதற்குத் தனியுரிமைச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 2023-இல் வெளிவந்த சுயேச்சையான விசாரணை அறிக்கை, முறையான அச்சுறுத்தல் மதிப்பீடு நடக்கவே இல்லை என்றும், அதற்கான நடைமுறையையும் பயிற்சியையும் மாவட்டம் ஊழியர்களுக்குச் சரியாகக் கொடுக்கவில்லை என்றும் கண்டது. 2024-இல் பெற்றோர் இருவரும் தனித்தனி விசாரணையில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பள்ளித் தரப்பு செய்தது முழு அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. ஆலோசகர் பெற்றோரைக் கூப்பிட்டார். பல பள்ளிகளில் அந்த அளவுகூட நடக்காது. ஆனால் கூப்பிட்ட பிறகு என்ன கேட்கவேண்டும் என்று எழுதிய தாள் ஒன்று அவர் மேசையில் இருந்திருந்தால்?

எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிவிடுவதே தீர்வு என்று இதற்குப் பொருள் இல்லை. கலிஃபோர்னியாவின் சீனோ வேலி மாவட்டம் 2023 ஜூலையில் அப்படியொரு விதியை இயற்றியது: பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினத்திலிருந்து வேறுபட்ட பெயரையோ அடையாளத்தையோ ஒரு மாணவர் கேட்டால், மூன்று நாளுக்குள் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மாநிலத் தலைமை வழக்கறிஞர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு, இத்தகைய கட்டாய அறிவிப்பைத் தடைசெய்யும் சட்டமே மாநிலத்தில் வந்தது. மூன்று நாள் கெடு என்பது பிள்ளையை அறியாத விதி. எந்த வீட்டில் அந்தச் சேதி அணைப்பைக் கொண்டுவரும், எந்த வீட்டில் அடியைக் கொண்டுவரும் என்று காலண்டருக்குத் தெரியாது. பிள்ளையோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசிய ஆலோசகருக்குத் தெரியும். அதேவேளை, வீட்டுக்கு ஒரு பெயரும் பள்ளிக்கு ஒரு பெயருமாக இரட்டைப் பதிவேடு வைத்துக்கொண்டு அதை ஆண்டுக்கணக்கில் பெற்றோரிடமிருந்து மறைப்பதும் ஆலோசகருக்கு நிற்கத் தரையில்லாத இடம். பதிவேட்டைப் பார்க்கும் உரிமையைக் கூட்டாட்சிச் சட்டம் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. பிள்ளை தானே வீட்டில் சொல்லும் நாளுக்காக அவரைத் தயார்ப்படுத்துவதும், ஆபத்து தெரிந்தால் அந்த நாளைத் தள்ளிவைப்பதும்தான் ஆலோசகரின் வேலை என்பது இவ்விதழின் நிலைப்பாடு.

மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கமரி கவுன்டி வழக்கும் வீட்டுக்குச் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் முளைத்தது. பாலினம், பாலின ஈர்ப்பு பற்றிய கதைப்புத்தகங்களைத் தொடக்கப் பள்ளி வகுப்பில் வாசிக்கும்முன், மாவட்டம் முதலில் பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்பியது. வேண்டாதவர்கள் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்றது. 2023 மார்ச்சில் இரண்டையும் நிறுத்தியது. இஸ்லாமிய, கிறிஸ்தவப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்று, வழக்கு முடியும்வரை முன்கூட்டி அறிவித்து விலக்கு அளிக்கவேண்டும் என்றது. புத்தகங்கள் நல்லவையா என்பது வேறு விவாதம். கொடுத்துவந்த அறிவிப்பை நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்த மாவட்டம் ஆசிரியர்களையும் குழந்தைகளையும் இவ்வளவு நீண்ட வழக்குக்குள் இழுத்திருக்கவேண்டியதில்லை.

ஆண்டுதோறும் உரிமை அறிவிப்பு ஒன்றைப் பெற்றோருக்குத் தரவேண்டும் என்பது 1974 சட்டத்தின் கட்டளை. பல மாவட்டங்களில் அது பேருந்து அட்டவணைக்கும் மதிய உணவுப் படிவத்துக்கும் நடுவே, கையேட்டின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரலாம். என்னென்ன தகவல் எடுக்கிறோம், எந்த நிறுவனத்திடம் போகிறது, எந்த ஆண்டு அழிப்போம், பள்ளிக் கருவி எதையெல்லாம் பார்க்கும், திருட்டுப் போனால் எத்தனை நாளுக்குள் யார் தொலைபேசியில் அழைப்பார் என்பதை வீட்டில் பேசும் மொழியில் எழுதலாம். கலிஃபோர்னியா 2022-இல் இயற்றிய சட்டப்படி, வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதைப் பூட்டி வைக்கும் பொறுப்பைப் பற்றியும் பள்ளிகள் ஆண்டு அறிவிப்பில் பெற்றோருக்குச் சொல்லவேண்டும். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டு, ‘உங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ளவேண்டியது’ என்று ஒரே வரி அச்சிட்டு அனுப்பினால், நிரம்பி வரும் தாள்களை ஆகஸ்ட் முடிவதற்குள் ஆலோசகர் ஒவ்வொன்றாகப் படித்துவிடலாம்.