தோளுக்குத் தேய்மானம் உண்டா?

மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவன்

'தேய்மானம்' என்ற பாடம் நடந்த அன்று என் மனம் கணக்கில் செல்லவில்லை. லாரி ஓட ஓடத் தேயும். அத்தேய்மானத்தை ஆண்டுதோறும் செலவாக எழுதிக் கழித்துக்கொண்டு, மீதி இலாபத்துக்கு வரி கட்டினால் போதும். இதுதான் பாடம். என் தந்தையார் அத்தகைய லாரிகளில் மூட்டை ஏற்றுபவர். இருபத்திரண்டு ஆண்டுகள் ஏற்றியதில் அவருடைய வலது தோள் தாழ்ந்துவிட்டது; இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கமாட்டார். இந்தத் தேய்மானத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்வி நீதிமன்றங்கள் வரை சென்றிருக்கிறது.

1887இல் இங்கிலாந்தில், குதிரை உதைத்துக் காயமுற்ற வண்டியோட்டி ஒருவர் இழப்பீடு கேட்டார். வண்டிக் குதிரையும் முதலாளியின் தொழிற்சாதனங்களுள் ஒன்றே என்று நீதிமன்றம் கூறிற்று. பின்னாளில் எழுந்த வரி வழக்குகளுக்கும் அந்த விளக்கமே வழிகாட்டியாயிற்று. ஆக, குதிரை தேறிவிட்டது!

மனிதன் தேறினானா? முன்னாள் மத்திய சட்ட அமைச்சரும் வழக்கறிஞருமான சாந்தி பூஷண், தம் இதய அறுவைச் சிகிச்சைக்குச் செலவான 1.74 இலட்சம் ரூபாயை வருமானத்திலிருந்து கழிக்கக் கோரினார். இதயமும் தொழிற்சாதனமே, சிகிச்சை அதன் பழுதுபார்ப்பு என்பது வாதம். 2011இல் டில்லி உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. இதயம் தொழிலுக்கு மட்டுமா, எவருக்கும் உயிர் வாழவே வேண்டியதல்லவா என்பது தீர்ப்பின் சாரம்.

கனடாவில் மட்டும் ஒரு கதவு திறந்தது. முதுகில் சுமையுடன் நாளெல்லாம் நடந்தும் பொதுப் போக்குவரத்திலும் சென்று பொட்டலங்களைச் சேர்ப்பிக்கும் தொழிலாளி ஒருவர், அதனால் தாம் கூடுதலாக உண்ணவும் பருகவும் வேண்டியிருக்கிறது, அச்செலவைக் கழிக்க வேண்டும் என்றார். காரில் செல்பவருக்குப் பெட்ரோல் செலவு கழிக்கப்படுகிறது. நடப்பவருக்கு எரிபொருள் உணவும் நீரும்தாமே? 1998இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றது. இன்று அங்கே ரிக்‌ஷா இழுப்போருக்கும் இச்சலுகை உண்டு.

உழைக்கும் உடலின் செலவைச் சட்டம் காண முடியும், காண மனம் வேண்டும் என்பதே இதிலிருந்து நான் கற்றது.

"வருமான வரி கட்டும் அளவுக்கு உன் தந்தைக்கு வருமானமே இல்லையே, கழிவு எதற்கு?" என்று நண்பன் கேட்டான். உண்மைதான். அவருக்கு வரிக் கழிவு கொடுத்தாலும் பயனில்லை. நான் கேட்பது வேறு. லாரிக்குத் தேய்மானம் எழுதும் முதலாளி, ஏற்றப்படும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைத் தொழிலாளியின் பெயரில் ஒதுக்கட்டும். அதையும் தேய்மானம் போலவே கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரட்டும். தோள் ஓயும் நாளில் அது அவர் கைக்கு வரட்டும். லாரி தேய்ந்தால் வேறு லாரி வாங்கலாம். தோளை எங்கே வாங்குவது?

பாடம் முடிந்ததும் பேராசிரியர், "ஐயம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். அன்று எழுந்து நிற்க எனக்குத் துணிவில்லை. அந்த ஐயத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.