பொருள் பெரிதா, குறிப்பு பெரிதா?



சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் சிறுசேரி வரும். அங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் தரவு மையங்களும் இருக்கின்றன. அவற்றின் உள்ளே கணினிகள் அடுக்கடுக்காக நின்று இரவு பகலாக ஓடுகின்றன. அவை சூடேறாமல் காக்கவே மின்சாரத்தில் ஒரு பங்கு செலவாகிறது. 'மேகத்தில் சேமித்தேன்' என்று சொல்கிறோம் அல்லவா? அந்த மேகம் வானத்தில் இல்லை. உலகின் பல ஊர்களில் உள்ள இத்தகைய கட்டடங்களில்தான் இருக்கிறது.

கோடிக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே நீங்கள் வைத்த ஒரு படத்தை அந்தக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறதா? இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிறு குறிப்பு உண்டு. பெயர், வகை, அளவு, உண்டான நேரம், மாற்றப்பட்ட நேரம், உரிமையாளர், பார்க்க அனுமதி பெற்றவர் ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். இதை மெட்டாடேட்டா என்பர். நாம் விவரக் குறிப்பு எனக் கொள்வோம்.

இந்தக் குறிப்பை மட்டும் கேட்டு வாங்க ஒரு வழி உண்டு. புத்தக அடுக்குகளுக்குள் வாசகரை விடாத ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியே சீட்டு எழுதி நீட்டுகிறோம். உள்ளிருப்பவர் அட்டையைப் பார்த்துப் பதில் தருகிறார். சீட்டை எப்படி எழுத வேண்டும், பதில் எந்த வடிவில் வரும் என்ற உடன்பாடுதான் ஏ.பி.ஐ. எனப்படுவது. அந்தச் சீட்டை நமக்காக எழுதி அனுப்பும் நிரல்களும் உள்ளன. நம் பெயரில் கேட்க அதற்கு உரிமை உண்டு என்பதைக் காட்ட, ஓர் அடையாளச் சாவியையும் உடன் அனுப்ப வேண்டும்.

இதனால் என்ன லாபம்? ஒரு கிகாபைட் அளவுள்ள வீடியோவின் விவரக் குறிப்பு ஓரிரு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். நமக்கு வேண்டியது தேதி மட்டும் என்றால், பல லட்சம் மடங்கு பெரிய பொருளை இழுத்து வருவானேன்? இணையத்தின் அடிப்படை விதிகளிலேயே 'ஹெட்' என்றொரு கட்டளை இருக்கிறது. 'பொருள் வேண்டாம், தலைப்பு விவரம் மட்டும் போதும்' என்பது அதன் கருத்து.

ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். கூகுள் டிரைவில் ஓர் உறையின் அளவைக் கேட்டால் பதிலில் அளவு இராது. உறையினுள் இருப்பவற்றைப் பட்டியலிட்டு நாமே கூட்ட வேண்டும். பட்டியலும் ஒரே தவணையில் வராது. வழக்கமாக 100 பெயர்களும், 'அடுத்த பக்கம் உண்டு' என்பதற்கான ஓர் அடையாளமும் வரும். அந்த அடையாளத்தைக் கவனியாதவர் முதல் பக்கத்தோடு கூட்டி முடித்து, தவறான விடையை நம்பிக்கையுடன் எழுதிவிடுவார். நேரமும் உலகப் பொது நேரத்தில் வரும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி கூடுதல். ஆகவே நாம் அதிகாலை 2 மணிக்குச் சேமித்த கோப்பு, குறிப்பில் முந்தைய நாளின் தேதியைக் காட்டும்!

'இதெல்லாம் கணினிக்காரர் கவலை' என்கிறீர்களா? நான் இயற்பியல் ஆசிரியன். அளவீட்டின் உயிரே இதுதான் என்பது என் கருத்து. சிறுசேரிக்கு அருகிலேயே சான்று உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் நில அளவைக்கு அதுவே தொடக்கம். நூறடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நீட்டி, சுமார் 12 கிலோமீட்டர் அளந்தனர். சங்கிலியின் வெப்பநிலையையும் உடனுக்குடன் குறித்துக்கொண்டனர். ஏன்? ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் எஃகு ஒரு லட்சத்தில் சுமார் 1.2 பங்கு நீளும். 12 கிலோமீட்டருக்கு அது 14 சென்டிமீட்டர்! பத்து டிகிரி மாறினால் பிழை 1.4 மீட்டர். வெப்பநிலைக் குறிப்பு இல்லையென்றால் அந்த உழைப்பு முழுவதும் வீணாகியிருக்கும். நீளம் தரவு; வெப்பநிலை அதன் விவரக் குறிப்பு.

இப்போது உங்கள் பள்ளிக்கு வருவோம். அறிவியல் மன்றத்தார் வாரந்தோறும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து, படமெடுத்து, மேகத்தில் சேமிக்கிறார்கள் என்று கொள்வோம். அளந்தது வியாழன், சேமித்தது ஞாயிறு. சேமிப்பகத்துக்கு ஞாயிறுதான் தெரியும். இடையே வெள்ளியன்று பெருமழை பெய்திருந்தால்? மழைக்கு முந்தைய மட்டம், மழைக்குப் பிந்தையதாகப் பதிவாகிவிடும். ஐந்தாண்டு கழித்து அதைப் படிப்பவர் 'இங்கே மழைநீர் நிலத்தில் இறங்குவதில்லை' என்றே முடிவு கட்டக்கூடும். கருவி தவறவில்லை, அளந்தவரும் தவறவில்லை. எழுதாமல் விட்ட ஒரு வரி தவறிழைத்தது.

ஆகவே என் கோரிக்கை இது. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மாதிரியின் அழகுக்கு மதிப்பெண் தருகிறோம். விவரக் குறிப்புக்கும் தனியாக மதிப்பெண் தர வேண்டும். எங்கே, எப்போது, எந்தக் கருவியால், யார் அளந்தார் என்ற நான்கும் இல்லாத அட்டவணையை ஏற்கக் கூடாது. 'பத்தாம் வகுப்பு மாணவருக்கு இது பாரம்' என்று சில ஆசிரியர்கள் சொல்லலாம். பாரம்தான். ஆனால் ஒரு நிமிடப் பாரம். அதை விட்டால் ஓர் ஆண்டு உழைப்பு போகும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். குறிப்பு பேசும். கைபேசி எடுத்த படத்தினுள், அமைப்பைப் பொறுத்து, எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். கிணற்றின் படத்துக்கு அது வரம். உங்கள் வீட்டு வாசலில் எடுத்த படத்தை ஊரறியப் பகிரும்போது அதுவே ஆபத்து. அடையாளச் சாவியையும் பிறரிடம் கொடுக்காதீர்கள். ஆய்வுக்கு வேண்டிய விவரத்தை நிறைவாக எழுதுங்கள். பகிருமுன் அதில் எது வெளியே போகிறது என்று பாருங்கள்.

இன்று மாலை உங்கள் சேமிப்பில் உள்ள ஒரு பழைய கோப்பின் விவரத்தைத் திறந்து பாருங்கள். அதில் உள்ள தேதி எதன் தேதி? எடுத்த நாளா, ஏற்றிய நாளா? விடை தெரியவில்லை என்றால், நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.